முன்சக்கரத்தின் பதினைந்து கிலோ

பினாங்குப் பாலத்தின் நடுமேட்டைத் தாண்டி, தீவுப் பக்கம் இறங்கும் சரிவில், மோட்டார் சைக்கிள் தொடர்ந்து மூன்றாவது ஞாயிறும் தலையை ஆட்டியது.

தலையை ஆட்டியது என்றால் ஆமாம் என்று அல்ல. இல்லை என்று. கைப்பிடி இடமும் வலமுமாக நொடிக்கு ஏழெட்டுத் தடவை உதறியது. பக்கக் கண்ணாடிகளில் தெரிந்த லாரிகள் கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் ஆயின. ஓட்டிக்கொண்டிருந்த மோகனா பிரேக் பிடிக்கவில்லை. கைப்பிடியை இறுக்கவும் இல்லை. இரண்டும் நிலைமையை மோசமாக்கும் என்று படித்திருந்தாள். ஆக்சிலேட்டரை ஒரு நூல் அளவு திறந்தாள். பின்சக்கரம் தள்ளியது, முன்சக்கரம் நான்கைந்து உதறலுக்குப் பிறகு, சொன்னதெல்லாம் சொல்லிமுடித்த ஆள்போல அடங்கியது.

பின்னால் அவள் கணவன் தயாளன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளாலும் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கேரியரைப் பிடித்திருந்தான். சுங்கை பினாங்கில் அவர்கள் அடுக்குமாடியின் கீழே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அதைத் துணியால் துடைத்து முடித்த பிறகுதான் பேசினான்.

"அடுத்த ஞாயிறும் இப்படி ஆடுச்சுன்னா, பட்டறை ஹக்கீமுக்கே வண்டியக் கொடுத்துடுறேன்."

வண்டி இங்கிலாந்தில் செய்தது, 1961ஆம் வருடத்தது, அறுநூற்று ஐம்பது சிசி, இரட்டை சிலிண்டர். இருபத்திரண்டு வருடமாகத் தயாளனிடம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் இடது கண்ணின் விழித்திரை கழன்றுகொண்டது. இரண்டு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு டாக்டர் மோட்டார் ஓட்டக் கூடாது என்று சொன்னார். தயாளன் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். மூன்று மாதம் அது அங்கேயே, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருநாள் மோகனா அதை எடுத்துக்கொண்டு போய், நாற்பத்தைந்து வயதில், பெரிய மோட்டாருக்கான லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தாள்.

இந்த வருடம்தான் இருவரும் சேர்ந்து ஏறினார்கள். கிக்கரை உதைப்பது தயாளன். அதற்கு அவனுடைய தொண்ணூற்று நான்கு கிலோ வசதி. ஓட்டுவது மோகனா. ஞாயிறு காலை பாலம் வழியாக பாகான் டாலாமில் இருக்கும் அவன் அக்கா வடிவம்மாள் வீடு; மத்தியானம் அதே வழியில் திரும்புதல். தயாளனுக்கும் அந்த வண்டிக்கும் மிச்சமிருந்தது அந்தப் பயணம் ஒன்றுதான். வண்டி போனால் காரில் போகலாம். காரில் எல்லாரும்தான் போகிறார்கள்.

*

மறுநாள் வேலை முடிந்து மோகனா ஹக்கீமின் பெங்கலுக்குப் போனாள். ஜெலுத்தோங்கில், கடைவரிசையின் கடைசியில் இருக்கும் அந்தப் பட்டறையில் பழைய மோட்டார்களுக்கு மட்டும்தான் இடம். ஹக்கீம் நல்ல கைக்காரன். ஆனால் இந்த விஷயத்தில் அவனுக்கு இரண்டு பக்கமும் லாபம் இருந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

"அக்கா, ஸ்டீரிங் டேம்பர் மாட்டிடுங்க லா. இதோ, புதுசு, ஆணியில தொங்குது. ஒரு மணி நேர வேலை. மாட்டலேன்னா அண்ணன் வண்டிய எனக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காரு. எப்படியா இருந்தாலும் எனக்கு ஓகே."

"மாட்டினா ஆட்டம் நிக்குமா?"

"நிக்கும்."

"ஏன் ஆடுதுன்னு தெரியுமா?"

"நின்ன பிறகு எதுக்குக்கா தெரியணும்?"

மோகனா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இருபது வருடமாக வேலை செய்கிறாள். மற்றவர்கள் தராசைப் பார்த்துப் பொருளை நம்புவார்கள். தராசை நம்பலாமா என்று பார்ப்பது அவள் வேலை. அதனால் ஹக்கீமின் பதில் அவளுக்கு உடம்பில் எங்கோ அரித்தது. என்றாலும் டேம்பரை ஆணியிலிருந்து எடுத்து, நீட்டி மடக்கிப் பார்த்தாள்.

விரல் பருமனில் ஒரு குழாய், அதற்குள் ஓடும் ஒரு கம்பி. குழாயின் ஒரு முனையை வண்டியின் சட்டத்தோடும், கம்பியின் முனையை முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடும் பூட்டுவார்கள். உள்ளே எண்ணெய். கம்பி நகர்ந்தால் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக அடுத்த பக்கம் போயாக வேண்டும். இட்லி மாவில் கரண்டியை விட்டு மெதுவாகக் கிண்டினால் வழிவிடும். வெடுக்கென்று இழுத்தால் மாவு கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். அதே கதைதான். வளைவில் நாம் கைப்பிடியைத் திருப்புவது மெதுவான காரியம், எண்ணெய் வழிவிடும். உதறல் வேகமான காரியம், எண்ணெய் விடாது. கெட்டிக்காரத்தனமான சாமான். மோகனாவுக்கு அதைப் பிடித்தே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இது ஆட்டத்தைச் சரிபண்றது இல்ல, ஹக்கீம். அதோட வாயைப் பொத்துது. நாளைக்கு ஒரு ஸ்போக் லூஸாச்சுன்னா, டயர்ல காத்து இறங்குச்சுன்னா, வண்டி முதல்ல கைப்பிடியிலதான் சொல்லும். இது அதையும் சேர்த்துப் பொத்திடும்."

"ரேஸ் மோட்டார்ல எல்லாம் இருக்கே."

"அவங்க காரணம் தெரிஞ்சு மாட்டுறாங்க. எனக்கும் காரணம் தெரியட்டும். அப்புறமும் ஆடினா நானே வந்து வாங்கிக்கிறேன்."

ஹக்கீம் டேம்பரைத் திரும்ப ஆணியில் மாட்டினான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க. எனக்கு இடம் ஒதுக்கணும்," என்று சொல்லி, சுவரோரம் காலியாக இருந்த ஒரு மூலையை ஆசையோடு பார்த்தான்.

*

முன்சக்கரம் ஏன் உதறுகிறது என்பது பெரிய ரகசியம் அல்ல. சூப்பர்மார்க்கெட்டில் சாமான் தள்ளுவண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால், சின்னச் சக்கரங்களில் ஒன்று படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சக்கரம் தான் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகிறது. இழுத்துப் போகும்போது அது தானே நேராகப் பார்க்கும். நேராக வந்த வேகத்தில் அடுத்த பக்கம் கொஞ்சம் தாண்டிவிடும். தாண்டியதால் திரும்ப வரும். வந்து இந்தப் பக்கம் தாண்டும். மோட்டாரின் முன்சக்கரமும் அப்படித்தான்; வண்டி நேராக ஓடுவதற்குக் காரணமான அதே குணம்தான் ஆட்டத்துக்கும் காரணம். வழக்கமாக ரப்பரும், கிரீஸும், தரையின் பிடியும் அந்தத் தாண்டலைத் தின்றுவிடும். ஏதோ ஒன்று தளர்ந்தால் தின்ன முடியாது. தள்ளுவண்டியில் அந்த மூலையில் பத்து கிலோ அரிசியை வைத்துப் பாருங்கள். சக்கரம் அடங்கிவிடும்.

அந்த அரிசி விஷயம் மோகனாவுக்குத் தெரிந்ததுதான். அது உடனே ஞாபகத்துக்கு வரவில்லை.

செவ்வாய் மாலை ஸ்டீரிங் கழுத்தின் பேரிங் குண்டுகளைப் பார்த்தாள். தளர்ச்சி இல்லை. புதனன்று ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டிக் காது கொடுத்தாள். நாற்பதும் ஒரே சுருதி. வியாழனன்று சக்கரத்தைச் சுற்றவிட்டு நெளிவு பார்த்தாள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் புஷ்ஷைப் பிடித்து ஆட்டினாள், காற்றழுத்தத்தை ஒன்றுக்கு இரண்டு மீட்டரால் அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தன. தயாளன் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டார்ச் லைட் பிடித்தபடி, ஒவ்வொரு தடவையும் "சரியா?" என்று கேட்டான். "சரி" என்று அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் இருண்டுகொண்டே போனது. வண்டியில் ஒரு கோளாறாவது இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளியன்று அவள் நோட்டை எடுத்தாள். வண்டிக்கு ஒரு நோட்டு வைத்திருந்தாள். தேதி, காற்றழுத்தம், பெட்ரோல், வேகம், குறிப்பு. ஸ்பீடோமீட்டர் மைலில் இருந்ததால் கைப்பேசியோடு ஒப்பிட்டு, கிலோமீட்டரைச் சின்னச் சின்ன ஸ்டிக்கரில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியவளும் அவள்தான். அறுபத்தைந்துக்குப் பக்கத்தில், ஆக்சிலேட்டரை மூடும்போதுதான் ஆட்டம். அவள் தனியாக ஓட்டியபோது ஒருநாளும் இல்லை. தயாளனோடு மூன்று ஞாயிறு, ஆறு பயணம். ஐந்தில் ஆட்டம்.

ஒன்றில் இல்லை. முதல் ஞாயிறு, போகும்போது. "68 வரை. ஆட்டமில்லை," என்று அவள் கையெழுத்து சொன்னது. அன்று மத்தியானமே, திரும்பும்போது: "65. ஆட்டம். காற்று?"

அதே நாள், அதே டயர், அதே பெட்ரோல், அதே இரண்டு பேர். நடுவில் வண்டி அக்கா வீட்டு வாசலில் நான்கு மணி நேரம் சும்மா நின்றது. யாரும் தொடவில்லை. வாசலில் வேறு என்ன நடந்தது என்று யோசித்தபோது, மோகனா பேனாவைக் கீழே வைத்தாள்.

அன்று போகும்போது தயாளன் அவள் இடுப்பைப் பிடித்திருந்தான். பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத ஆள், பயத்தில் ஒட்டிக்கொண்டான். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வடிவம்மாள் நிமிர்ந்து பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி, "என்னடா இது, குட்டிக் குரங்கு தாயைக் கட்டிக்கிட்டு வர்ற மாதிரி வர்ற?" என்றாள். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். தயாளனும் சிரித்தான். திரும்பும்போது இருக்கையின் கடைசி ஓரத்துக்குப் போய், கேரியரைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் ஒரு தேங்காய் வைக்கும் அளவு இடம் இருந்து வந்தது.

*

சனிக்கிழமை காலை மூன்றாம் மாடி புஷ்பவள்ளியிடம் எடை மெஷினை இரவல் கேட்டாள். மெஷினோடு புஷ்பவள்ளியும் வந்தாள்.

"யாரை நிறுக்கப் போறீங்க?"

"மோட்டாரைக்கா."

"நூத்தம்பது கிலோ வரைக்கும்தான் தாங்கும். ஒடஞ்சா புதுசு."

முன்சக்கரம் மட்டும் மெஷின்மேல் நின்றது. பின்சக்கரத்துக்கடியில் மெஷின் உயரத்துக்கே ஒரு பலகை. வெறும் வண்டி, எண்பத்தெட்டு. மோகனா ஏறி, பக்கத்துத் தூணில் விரலை மட்டும் ஊன்றி, காலைத் தூக்கி வைத்தாள். புஷ்பவள்ளி குனிந்து வாசித்தாள்.

"நூத்தியெட்டு."

"இப்ப நீங்க ஏறுங்க," என்றாள் மோகனா தயாளனிடம். "எப்பவும் உக்கார்ற மாதிரி."

தயாளன் ஏறி, கடைசி ஓரத்துக்கு நகர்ந்து, கேரியரைப் பிடித்தான். பின் ஸ்பிரிங் முனகியது. புஷ்பவள்ளி மெஷினைப் பார்த்தாள், தயாளனைப் பார்த்தாள், மறுபடி மெஷினைப் பார்த்தாள்.

"நூறு. ஐயோ, என் மெஷின் கெட்டுப்போச்சு! இவ்வளவு பெரிய ஆள் ஏறியும் எட்டுக் கிலோ கொறையுதே!"

"மெஷின் சரிதான்கா," என்றாள் மோகனா. அவள் குரலில் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சந்தோஷம் வந்திருந்தது. "பிள்ளைங்க விளையாடுற ஏத்தப் பலகை இருக்குல்ல? நடுவுல ஒரு தாங்கி. இங்க பின்சக்கரத்தோட அச்சுதான் தாங்கி. இவரு அச்சுக்கும் பின்னால உக்கார்றாரு. அந்தப் பக்கம் அமுங்கினா இந்தப் பக்கம் தூக்கத்தானே செய்யும்? முன்சக்கரம் தரையை லேசா தொட்டுக்கிட்டு ஓடுது. பிடிப்பு பத்தல. அதோட இந்த எடை முழுக்கப் பின்னால நின்னு ஆடுது, கேரியரையும் சேர்த்து ஆட்டுது."

"எடையா?" என்றான் தயாளன்.

"நீங்கதான்."

"தெரியுது."

"இப்ப முன்னால நகருங்க. என் முதுகுல ஒட்டி. கையை முன்னால கொண்டாங்க."

தயாளன் புஷ்பவள்ளியைப் பார்த்தான். புஷ்பவள்ளி மெஷினைக் காரணம் காட்டி எங்கும் போகாமல் நின்றாள். அவன் நகர்ந்தான். கைகளை மோகனாவின் இடுப்புக்கு இரண்டு பக்கமும், சுடுபாத்திரத்தை இறக்குகிற ஆள்போல வைத்தான்.

"நூத்திப் பதினஞ்சு," என்றாள் புஷ்பவள்ளி. "இப்படியே இருங்க தம்பி, நல்லாத்தான் இருக்கு."

தயாளன் இறங்கிவிட்டான்.

வீட்டுக்குள் போன பிறகு சண்டை வந்தது. சண்டை என்றாலும் இருவருமே சத்தம் போடவில்லை.

"டேம்பரே வாங்கிடலாம், மோகனா."

"பதினஞ்சு கிலோ சும்மா கிடைக்குதுங்க. இறுக்க வேணாம், பூட்ட வேணாம்."

"எனக்கு அம்பத்தி ரெண்டு வயசு. துறைமுகக் கிடங்குல என் கீழ முப்பது பேர் வேலை செய்றானுங்க. பாலத்துல எவனாவது பாப்பான்."

"போன வாரம் ஆடினப்ப எத்தனை பேர் பாத்தாங்க?"

அவன் ஜன்னலோரம் போய்க் கீழே வண்டியைப் பார்த்தான். நல்ல கண்ணால் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பியிருந்தான்.

"முன்னெல்லாம் நான் ஓட்டினேன்," என்றான். "இப்ப சாமான் மாதிரி பின்னால உக்காந்திருக்கேன். அது போதாதுன்னு கட்டிக்கிட்டு வேற வரணுமா?"

மோகனா ஆறுதல் சொல்லத் தெரியாதவள். தெரிந்ததைச் சொன்னாள்.

"சாமானைக் கேரியர்லதாங்க கட்டுவாங்க. நீங்கதான் அங்க போய் உக்காந்துக்கிட்டீங்க."

தயாளன் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி கேட்டான்: எந்த வேகத்துக்குக் கீழே ஆட்டமே வராது? ஐம்பது, என்றாள் அவள். பத்து கிலோமீட்டர் தள்ளியே சொன்னாள், பாதுகாப்புக்காக.

"சரி. அம்பதுக்குக் கீழ கேரியர். அம்பதுக்கு மேல நீ சொல்லு, வர்றேன். ஆடுச்சுன்னா ஹக்கீமுக்குப் போன் போடுவேன்."

*

ஞாயிறு காலை தயாளன் கிக்கரை உதைத்தான். மூன்றாவது உதையில் பிடித்தது. சுங்கை பினாங்கிலிருந்து பாலத்தின் வாய் வரைக்கும் அவர்களுக்கு நடுவில் தேங்காய் அளவு இடம் இருந்தது. பாலத்தின் மோட்டார் தடத்தில் நுழைந்து, ஊசி ஏறியதும், மோகனா காற்றுக்கு மேல் கத்தினாள்.

"அம்பது!"

ஒன்றும் நடக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு சின்ன மோட்டார் அவர்களைத் தாண்டிப் போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகு இருக்கை மெல்ல அசைந்தது. ஒரு பெரிய வயிறு அவள் முதுகில் வந்து சேர்ந்தது. இரண்டு கைகள் வந்தன.

நடுமேடு ஏறினார்கள். கடல் இரண்டு பக்கமும் வெள்ளைத் தகரம்போலக் கிடந்தது. சரிவு தொடங்கியது. அறுபது. அறுபத்து மூன்று. தயாளனின் விரல்கள் அவள் பெல்ட்டில் இறுகின. அறுபத்தைந்தில் அவள் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடினாள். சோதனை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அறுபத்தெட்டிலும் ஏற்றி மூடிப் பார்த்தாள். பக்கக் கண்ணாடியில் பின்னால் வந்த லாரியின் நம்பர் பிளேட்டை அவளால் வாசிக்க முடிந்தது. வாசித்தாள், சத்தமாக, ஏழு எழுத்தையும்.

"என்ன?" என்று காதருகே தயாளன் கத்தினான்.

"ஆடல!"

"என்ன?"

"ஆடலங்க!"

பாலத்தின் மறுமுனையில் பெராய் பக்கம் இறங்கினார்கள். சிக்னல்களில் நின்றார்கள். வேகம் நாற்பதுக்கு இறங்கியது, முப்பதுக்கு இறங்கியது. சந்தோஷத்தில் இருந்த ஆளுக்கு ஒப்பந்தம் மறந்துபோனது. பாகான் டாலாமில் அக்கா வீட்டுச் சந்துக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு கைகளும் மனைவியின் இடுப்பில் இருக்க, தாடை அவள் தோளுக்கு மேல் தெரிய, தயாளன் வந்து சேர்ந்தான்.

வடிவம்மாள் கையில் தண்ணீர்க் குழாயோடு வாசலில் நின்றாள்.

"மறுபடியுமா?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தயாளனின் விரல்கள் ஒருமுறை தளர்ந்ததை மோகனா உணர்ந்தாள். தளர்ந்தன, ஆனால் விலகவில்லை. அவன் இறங்காமல், அங்கிருந்தபடியே, கிடங்கில் ஆட்களிடம் பேசும் குரலில் சொன்னான்.

"அக்கா, நான் பின்னால தள்ளி உக்காந்தா முன்சக்கரத்துல பதினஞ்சு கிலோ கொறையுது. கொறஞ்சா ஹேண்டில் ஆடும். ஆடினா விழுவோம். அதுக்குத்தான்."

வடிவம்மாள் மோகனாவைப் பார்த்தாள். "இவன் சொல்றது நெசமா?"

"நெசந்தான் அண்ணி. நிறுத்துப் பாத்தோம்."

"அட." அவள் குழாயை மூடினாள். "அப்ப அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல? நான் என்னமோ பாசம்னு நெனச்சுட்டேன்."

உள்ளே போய்த் தோசைக்கு உட்கார்ந்ததும் ஹக்கீமிடமிருந்து அழைப்பு வந்தது. தயாளன் வலது கையில் தோசை இருந்ததால் கைப்பேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

"அண்ணே, இடத்தைக் கூட்டி வெச்சிருக்கேன். ஆடுச்சா?"

"ஆடல."

"என்னண்ணே பண்ணீங்க? பேரிங் மாத்தினீங்களா?"

"இல்ல. பாரத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சோம்."

"என்ன பாரம்?"

"இருக்கு. ஒரு தொண்ணூத்தி நாலு கிலோ."

ஹக்கீம் கணக்குப் போட்டான். போட்டு முடித்ததும் சிரிக்காமலிருக்கப் பாடுபடுவது ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. "அப்ப டேம்பர் வேணாமாண்ணே?"

"ஆணியிலயே இருக்கட்டும்," என்றான் தயாளன். "அந்த மூலைக்கு வேற வண்டி பாரு."

மத்தியானம் கிளம்பும்போது வடிவம்மாளும் எதிர்வீட்டுக்காரர்களும் வாசலில் நின்றார்கள். தயாளன் கிக்கரை உதைத்தான். ஒப்பந்தம் ஞாபகம் வந்தவனாய், இருக்கையின் கடைசி ஓரத்துக்குப் போய், கேரியரைப் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்தான். சந்து முனை வரை அப்படியே வந்தான். பெரிய சாலையில் மோகனா கியர் மாற்றினாள். ஊசி மெதுவாக ஏறியது. கத்துவதற்காக அவள் மூச்சை இழுத்தபோது இருக்கை அசைந்தது. வயிறு வந்து சேர்ந்தது, கைகள் வந்தன.

அவள் ஸ்டிக்கரைப் பார்த்தாள். முப்பத்தெட்டு. ஐம்பதுக்குப் பன்னிரண்டு குறைவு. அவள் பிரிவில் இவ்வளவு பிழையுள்ள கருவிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவிடுவார்கள். மோகனா இழுத்த மூச்சை விட்டாள். அன்றிரவு நோட்டில் அந்த ஞாயிற்றுக்கு, "68 வரை. போகும்போதும் வரும்போதும் ஆட்டமில்லை," என்று மட்டும் எழுதினாள்.